மூச்சு விடவும் கட்டணமா?

கோவையில் நமது சங்க அலுவலகத்திற்கு ரிங் பிரேம் ஓட்டும் தோழர் ஒருவர் வந்தார். கையில் ஒரு வழவழப்பான நோட்டீஸ். தனியார் ஆஸ்பத்திரி ஒன்று அச்சிட்டது. "கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு வகுப்பு, சுகப்பிரசவத்திற்கு வழி, ஆறு வகுப்புக்கு 6,000 ரூபாய்" என்று அதில் கண்டிருந்தது.

"தலைச்சன் பிரசவமுங்க. வீட்டுல பயப்படறாங்க. கடன்கிடன் வாங்கியாவது கட்டீரலாங்களா, தோழர்?" என்று கேட்டார்.

அவர் பையிலிருந்த பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்தோம். அவர் மனைவியின் ரத்த அளவு 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். கட்ட வேண்டாம் என்று சொன்னோம். ஏன் என்பதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

படிப்பு யாருடையது?

பிரசவத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது ஆடம்பரம் என்று நாம் கூறவில்லை. விவரம் அறியாதவளுக்குப் பயம் அதிகம். பயந்தவளுக்கு வலி அதிகம். இதை உணர்ந்து சோவியத் யூனியனில் கார்கோவ் நகரத்து டாக்டர் வெல்வோவ்ஸ்கியும் அவரது சகாக்களும், பாவ்லோவின் விஞ்ஞானத்தை ஆதாரமாகக் கொண்டு, தாய்மாருக்கு முன்கூட்டியே பாடமும் மூச்சுப் பயிற்சியும் தரும் முறையை வகுத்தார்கள். 1951ல் சோவியத் சர்க்கார் அதை நாடு முழுவதற்கும் ஏற்றது. அதே ஆண்டு அங்கே சென்ற பிரெஞ்சு டாக்டர் லமாஸ் அதைக் கண்ணாரக் கண்டார். 1952ல் பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் அதைத் தொடங்கினார்.

பின்னர் அது அமெரிக்கா போயிற்று. இன்று 'லமாஸ் வகுப்பு' என்ற பெயரோடும் விலைச் சீட்டோடும் நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தொழிலாளி வளர்த்ததைத் தொழிலாளிக்கே விற்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

விற்பது யார்?

2019-21ல் மத்திய சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100க்குச் சுமார் 64 சிசேரியன்! சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36, அதுவும் குறைவல்ல. ஆபத்து நேரத்தில் சிசேரியன் உயிர் காக்கும். அதை மறுப்பவர் மூடர். ஆனால் 100ல் 64 தாய்மாருக்கும் ஆபத்தா? சுகப்பிரசவம் கற்பிக்க ஒரு கட்டணம். பிறகு கத்தி வைக்க இன்னொரு கட்டணம். இரண்டு கையாலும் அள்ளுகிறார்கள்!

அதே ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேருக்கு ரத்தசோகை. இவர்களுக்கு முதலில் வேண்டியது முட்டை, கீரை, பருப்பு, இரும்புச்சத்து மாத்திரை, ஓய்வு. இவற்றைக் குறைத்துக்கொண்டு வகுப்புக்குப் பணம் கட்டுவது அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல் பழகுவதாகும்.

இதோ பாடம், இலவசமாக!

கருவுற்ற 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோடு சேர்க்காமல் தினமும் விழுங்குங்கள். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் – இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள்.

வலி கண்டது முதல் கூடவே ஒரு துணை இருந்தால் சிசேரியனும் குறைகிறது, பிரசவ நேரமும் குறைகிறது என்பது பல நாடுகளில் சோதித்து அறிந்த உண்மை. அந்தத் துணை தாயோ அக்காளோ மாமியாரோ; விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இத்தகைய துணையை மத்திய சர்க்கார் 2016லேயே அனுமதித்தது.

கேட்டு வாங்குவோம்!

ஒவ்வொரு மாதமும் 9ந் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவச டாக்டர் பரிசோதனை உண்டு. சிசேரியன் உள்படப் பிரசவச் செலவு முழுவதும் அங்கே இலவசம் என்பது 2011ல் வந்த திட்டம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாயாயிற்று. இ.எஸ்.ஐ.யில் உள்ள பெண் தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்பது 2017ல் கிடைத்தது.

காகிதத்தில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டதா? இல்லை! வயிறு தெரிந்ததும் காண்டிராக்ட் பெண்ணின் பெயரை அடிக்கிறான் மேஸ்திரி. நிறைமாதத்தில் நாற்று நடும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு விடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. இந்த ஓட்டையில்தான் வகுப்பு வியாபாரி நுழைகிறான்.

நோட்டீசைப் பார்த்து மயங்கியவரை நாம் குறை கூறமாட்டோம். மனைவியின் மீதுள்ள அன்பே அவரை அலைக்கழிக்கிறது. அந்த அன்பைக் கடனாக மாற்றுபவர்களையே சாடுகிறோம்.

ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு வகுப்பு வேண்டும், கட்டணமின்றி வேண்டும், வரும் பெண்ணுக்கு அன்றைய கூலியோடு வேண்டும். செவிலியர் இல்லாத இடத்தில் செவிலியர் வேண்டும். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும்.

தாய்மாருக்கான அறிவு சரக்கல்ல, உரிமை. அதைக் கடையில் வாங்க மாட்டோம். போராடிப் பெறுவோம்!