கணிப்பொறியில் ஓடும் பொன் துகள்

கரியின் பரப்பில் பொன்னின் நுண்துகள்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கணிப்பொறியிலேயே கணித்து, அசையும் படமாகக் காட்டும் முறை இன்று நன்கு பரவியுள்ளது. அப்படங்கள் வகுப்பறைக்கும் வந்துவிட்டன. அவற்றைக் காணும் மாணவன் அணுக்களைக் கண்ணாரக் கண்டுவிட்டதாகவே எண்ணுகிறான். அவ்வெண்ணத்தைத் திருத்தாமல் விடுவது சிறு குறையன்று.

இம்முறையின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், 1964-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலிருந்து 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணித்து வெளியிட்டார். (ஆய்வுக்கூடத்தின் பெயரும் வாயுவின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பினும் இரண்டிற்கும் தொடர்பில்லை.) ஓர் அணு மற்றோர் அணுவை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு ஒரு விதியை முதலில் எடுத்துக்கொள்வர். பின்னர் நியூட்டனின் இயக்க விதிப்படி எல்லா அணுக்களையும் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்வர். ஒரு படி ஏறத்தாழ 1 ஃபெம்டோவினாடி. 10 இலட்சம் படிகள் சென்றால்தான் 1 நானோவினாடி ஆகும். ஆகவே, திரையில் தோன்றுவது புகைப்படமன்று. நாம் கொடுத்த விசை விதியின் விளைவேயாகும். விதி பிழைபட்டால் படமும் பிழைபடும். ஆனால் அழகு குன்றாது!

இதனால் இம்முறை பயனற்றது என்று கொள்ளலாகாது. 1999-இல் லூட்கே, லேண்ட்மன் ஆகிய இருவரும் கிராபைட்டின் மீது 140 பொன்னணுக்கள் கொண்ட துகளொன்றின் இயக்கத்தைக் கணித்தனர். அத்துகள் சிறிது நேரம் ஓரிடத்தில் தத்தளித்து, பின் திடீரென நெடுந்தூரம் வழுக்கிச் சென்றது. காரணம் விளங்கக்கூடியதே. பொன்னணுக்கள் தம்முள் வலுவாகப் பிணைந்துள்ளன. கிராபைட்டுடன் அவற்றிற்குள்ள கவர்ச்சியோ மெல்லியது. மேலும், பொன்னில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.288 நானோமீட்டர், கிராபைட்டின் அறுகோண அமைப்பு 0.246 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அளவுகள் பொருந்தாமையால் துகள் எப்பள்ளத்திலும் அழுந்தி அமர்வதில்லை. இத்தகைய விளக்கத்தை வேறெவ்வழியிலும் இவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

ஆயினும், அக்கணிப்பில் உள்ள கிராபைட் மாசு மருவற்றது. மெய்யான கரியில் படிகளும் விரிசல்களும் அணுவிழந்த குழிகளும் உண்டு. கிராபைட்டின் மீது பொன்னாவியைப் படியச் செய்தால், துகள்கள் படி விளிம்புகளில் வரிசையாகச் சேர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணலாம்.

இவ்வேறுபாடு களப்பணியாளரையும் தொடுகிறது. மேற்கு வங்காளம், பீகார் ஆகிய மாநிலங்களில் குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்துள்ளது. குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்நஞ்சை அளக்கும் முறைகளுள் ஒன்று, பொன் துகள் பதித்த கரி மின்வாயைப் பயன்படுத்துவதாகும். ஆர்சனிக் முதலில் பொன்னின்மேல் படிகிறது. பின் அது கரைந்து வெளியேறும்போது தோன்றும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. துகள்கள் இடம்பெயர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடின் பொன்னின் பரப்புக் குறையும், மின்னோட்டமும் குறையும், நச்சு நீர் நல்ல நீராகக் கணக்கிலேறும். இத்தகைய மின்வாய் உறுதியானது என்பதற்குச் சில நானோவினாடிகளின் கணிப்பைச் சான்றாகக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்? ஒரு நிமிடச் சோதனையிலேயே 6,000 கோடி நானோவினாடிகள் அடங்கியுள்ளனவே!

எனவே, கணிப்புப் படம் வெளியிடுவோர் தாம் கொண்ட விசை விதி, வெப்பநிலை, கணித்த காலம், பரப்பின் தன்மை ஆகியவற்றைப் படத்தின் அடியிலேயே குறிக்க வேண்டுமென்பது எமது கோரிக்கை. குறையுள்ள கரியையும் உப்பு நீரையும் சேர்த்துக் கணிப்பது கடினமே. ஆனால் களத்திற்கு வேண்டியது அதுவே. அதுவரை, களப்பணியாளர் அளவறிந்த ஆர்சனிக் கரைசலைக் கையோடு கொண்டு சென்று, கிணற்று நீரை அளப்பதற்கு முன்னும் பின்னும் மின்வாயைச் சோதித்துக் குறித்துக்கொள்வாராக. இரு அளவுகளும் ஒவ்வாவிடில், அன்று எடுத்த அளவுகளைப் பதிவேட்டில் ஏற்றலாகாது.