விழுந்த கைக்கும் கூலி வேண்டும்

பக்கவாதத்தில் விழுந்த கையைப் பற்றி எழுத நம் பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பட்டறைகளில் நம்ம சனத்துக்கு உள்ள ஒரே சொத்து கை. தோலைத் தொட்ட கை ஊருக்குத் தீட்டு. அதே கை தைத்த ஷூ ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்போது தீட்டு கிடையாது. அந்தக் கை விழுந்துபோனால் யார் பொறுப்பு?

பக்கவாதத்தில் சேதம் கையில் இல்லை, கைக்கு உத்தரவு போடும் மூளையில். செத்த பகுதி திரும்பாது. மிச்சமுள்ள மூளை அந்த வேலையைப் புதுசாகக் கற்கலாம். சும்மா கற்காது. டம்ளரைப் பிடிப்பது, பொத்தானைப் பொறுக்குவது, துணியைப் பிழிவது என்று ஒன்றையே நூறு தடவை செய்யணும். முதல் மாதங்கள்தான் பொன்னான காலம். அமெரிக்காவில் 222 பேரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், விரலில் கொஞ்சமாவது அசைவு மிஞ்சியவர்களுக்கு நல்ல கையை உறைபோட்டு முடக்கி, விழுந்த கைக்கு இரண்டு வாரம் கடுமையாக வேலை கொடுத்தார்கள். பலன் ஒரு வருஷம் கழித்தும் நின்றது.

இந்த அறிவு வேலூருக்குப் புதிதல்ல. 1940களின் கடைசியிலேயே சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அறுவைக்குப் பின் பயிற்சி. பயிற்சிக்குப் பின் தச்சு போன்ற கைத்தொழில். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமானார்.

அறிவு உண்டு. நேரம் யாருக்கு உண்டு? எங்கள் தெருவில் ஒரு அக்கா, வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூ அப்பர் தைத்தவர். வலது கை விழுந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். "யாரு தம்பி பண்ணி விடுறது? மவ கம்பெனிக்குப் போனாத்தான் ஒல கொதிக்கும்" என்றார்.

'வீட்டாரே பார்த்துக்கொள்ளட்டும்' என்பது சுலபமான தீர்ப்பு. குடும்பத்தாரைப் பழக்கிவிட்டால் போதுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு: ஆறு மாதம் கழித்து, சாவிலும் சரி, பிறரை அண்டி வாழ்வதிலும் சரி, வழக்கமான சிகிச்சையைவிட மேலான பலன் இல்லை. பெண்களின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது.

வழி ஏற்கெனவே இருக்கிறது. 1948 சட்டத்தால் வந்த ஈ.எஸ்.ஐ.யில் நீடித்த நோய்ப் பட்டியலில் பக்கவாதமும் உண்டு. தகுதி பெற்ற தொழிலாளிக்குக் கூலியில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுவரை. கையைப் பழக்கச் சம்பளத்தோடு நேரம் என்பது இதுதான். ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷ வேலையும் சந்தாவும் காட்டணும். காண்ட்ராக்டில் வந்து போகிறவன் எங்கே காட்டுவான்? வீட்டில் தைக்கிறவள் பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது?

ஆகவே வீட்டில் தைப்பவருக்கும் ஈ.எஸ்.ஐ. கேட்போம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்த்தி. சேரிக்குள் வாரம் எத்தனை நாள் வருகிறார்கள் என்று மாணவர் தோழர்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கணும். போகிற இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டும் வாருங்கள்: விழுந்த கையைப் பிடித்திழுத்து ஆளைத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

பட்டறைக்குத் தேய்ந்த கை இது. அது மறுபடி எழும்வரைக்கும் கூலி கேட்பது பிச்சை அல்ல, பாக்கி வசூல்.