வராத நீருக்கு வரியோ?

மின்சாரத்தையும் எரிபொருளையும் செலவுக்கு ஒத்த விலையில் விற்கவேண்டும் என்பது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு அங்கீகரித்த கடனுதவித் திட்டத்தின் ஓர் அங்கம். அடுத்தது வாய்க்கால் நீரோ என்னும் ஐயம் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கமக்காரர் மனத்தில் எழுமாயின் அதில் வியப்பொன்றுமில்லை. நீருக்கு எந்த விலையும் ஆகாதென வாதாட நாம் வரவில்லை. மதகு பழுதுற்றால் திருத்தப் பணம் வேண்டும். அது வானத்திலிருந்து பொழியாது. எதனை அளந்து விலை கேட்கிறீர்கள் என்பதே நம் வினா.

இவ்வினாவை அரசாங்கம் ஒருமுறை தவிர்த்துப் பார்த்தது. 1984ஆம் ஆண்டில் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களின் பராமரிப்புக்கென ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 100 ரூபா விதிக்கப்பட்டது. படிப்படியாக அதனை 200 ரூபாவாக உயர்த்துவதே எண்ணம். முதலாண்டில் ஓரளவு வசூலானது. பின்னர் ஆண்டுக்காண்டு சரிந்து பெயரளவாயிற்று. நாட்டின் கலவரச் சூழலும் இதற்கொரு காரணமே. 1988இல் கிளை வாய்க்கால்களைக் கமக்காரர் அமைப்புகளே பராமரிக்கட்டும், அவர்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று கொள்கை மாறியது.

ஏக்கர்க் கணக்கு ஏன் தோற்றது? ஐந்தேக்கர் வைத்திருக்கும் இருவரை எண்ணுங்கள். தலைமதகின் அருகிலிருப்பவர் வேண்டியபோதெல்லாம் பாய்ச்சுகிறார். கடைக்கோடியிலிருப்பவர் முறை வருமென்று இரவிரவாய் வரம்பில் காத்திருக்கிறார். இருவரும் செலுத்துவது அதே 500 ரூபா! சட்டம் பயின்றோர் கட்டணத்தையும் வரியையும் வேறுபடுத்துவர். கட்டணம் பெற்ற சேவைக்கு ஈடு. வரிக்கோ ஈடு கேட்கவியலாது. வராத நீருக்கு அறவிடுவது நீர்விலை என்னும் முகமூடி தரித்த நிலவரியேயன்றி வேறென்ன? பொருளியல் நோக்கிலும் அது வீண். மேலதிகமாய்த் திறக்கும் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சதமும் கூடாதபோது, சிக்கனம் பிடிக்க யாருக்குத் தோன்றும்?

நம் பிரதேசத்தில் இக்கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள். கடைக்கோடியில் பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள். ஒரே விகிதக் கட்டணம் எவர் தோளில் அதிகம் அழுத்தும் என்பதை விளக்கவும் வேண்டுமோ? எனினும் மேலுள்ளோரைப் பகைவராய்க் காட்டுவோருடன் நாம் உடன்படோம். 1981இல், சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் காற்பங்களவே இருந்த சிறுபோகத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய அமைப்பாளர்கள் வாய்க்கால் வாய்க்காலாகச் சென்று கமக்காரரைக் கூட்டிப் பேசினர். சில வாரங்களுக்குள் மேல்வயற்காரர் முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். அதற்கு எந்த விலையும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அயலவன் பயிர் வாடுவதைக் கண்ணாற் கண்டதே போதுமாயிற்று.

ஆகவே விலை வேண்டுமென்றால் அது கிளை வாய்க்காலின் வாயில் அளந்த நீருக்கு, கமக்காரர் அமைப்பிடம் மொத்தமாகக் கேட்கப்படட்டும். உள்ளே பங்கிடுவது அவர்கள் பொறுப்பு. அப்பணம் திறைசேரிக்குப் போகாமல் அதே வாய்க்காலில் செலவாகட்டும். ஒரு சிக்கலையும் மறைக்கமாட்டோம். நம் கரையோர வயல்களிற் பல, மேல்நிலத்து வடிநீரையும் நம்பி விளைபவை. மேலே சிக்கனம் கூடினால் இங்கே வடிநீர் குறையும். மாரியிலோ அதே வடிநீர் கிட்டங்கியை மூடி நிற்கும். அந்த வெள்ளத்துக்கும் விலை கேட்பார்களோ, அறியோம்!

வரும் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளரிடம் நம் கமக்காரர் முதலில் கேட்கவேண்டியது கட்டணத் தொகையையன்று. சென்ற போகத்தில் எந்தக் கிளை வாய்க்காலுக்கு எத்தனை நாள், எவ்வளவு நீர் விடப்பட்டது என்னும் பதிவேட்டைக் கேளுங்கள். அது மேசைக்கு வந்தபின் விலையைப் பற்றிப் பேசுவோம்.