சாய்ந்த மரத்தை கிரேன் தூக்குவது எப்படி? ஆபத்து எங்கே?

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் தாக்கியபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இப்படி வீட்டின் மேல் மரம் விழுந்தால், 'கிரேன் வந்தாச்சு, இனி கவலையில்லை' என நினைப்போம். ஆனால் கவனம் தேவைப்படுவதே அப்போதுதான்.

10 டன் கிரேன் எப்போதும் 10 டன் தூக்குமா?

தூக்காது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதும், கையை நீட்டிப் பிடிப்பதும் ஒண்ணா? கிரேனின் கை நீள நீள தூக்கும் திறன் குறையும். பச்சை மரமோ ஒரு கன மீட்டரே ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். அதனால்தான் மரத்தைத் துண்டு துண்டாக இறக்குகிறார்கள்.

எது முதலில்?

பெல்ட் கட்டி, துண்டின் எடையை கிரேன் தாங்கிய பிறகே அறுக்க வேண்டும். முதலில் அறுத்தால் மொத்த எடையும் ஒரே குலுக்கலில் இறங்கும். பெல்ட் அறுந்துபோகலாம், கிரேனே கவிழலாம்.

வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். தண்டை அறுத்ததும் வேர்ப்பகுதி மண்ணோடு சட்டென நிமிர்ந்துவிடலாம். அந்தக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

பொதுமக்கள் என்ன செய்யணும்?

மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை மரத்தைத் தொடாதீர்கள். வீடியோ எடுக்க கிரேன் பக்கத்தில் போகாதீர்கள். 'சீக்கிரம் முடிங்க' என ஊழியர்களை அவசரப்படுத்தாதீர்கள்.