"ஒரே ஒரு மேட்ச்தாம்மா!"

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மணி ஒன்பதே கால். தோசைக்கல்லில் முதல் தோசை ரெடி. "சாப்பிட வாடா!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறீர்கள். ஹாலிலிருந்து பதில் வருகிறது: "இரும்மா... எண்பத்தெட்டாவது நிமிஷம்!"

தோசை ஆறுகிறது. இன்னொரு தடவை கூப்பிடுகிறீர்கள். திடீரென்று "ச்சே!" என்று ஒரு அலறல். சோபாவில் ஏதோ 'தொப்'பென்று விழுகிற சத்தம். உம்மென்ற முகத்தோடு வந்து உட்காரும் பிள்ளை, தொட்டுக்கொள்ள என்ன என்றுகூடக் கேட்பதில்லை.

"டி.வி.யில பொம்மை ஓடுது. இதுக்குப் போயி எதுக்குடா இவ்வளவு கோவம்?"

கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டவன்தான். எதுவரைக்கும்? அந்தக் கன்ட்ரோலரை நானே கையில் எடுக்கிற வரைக்கும்!

எனக்கு வயது 53. காலேஜ் லீவில் வந்திருந்த மகன், "சும்மா ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கப்பா" என்றான். பள்ளிக்கூட டீமில் ரைட் பேக் ஆடியவன் நான். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். ஏழுக்கு பூஜ்யம்! பாஸ் கொடுக்க அழுத்தினால் பந்து கோட்டுக்கு வெளியே போகிறது. தடுக்க அழுத்தினால் எதிராளியின் காலை வாரிவிட்டு என் ஆள் சிவப்பு அட்டை வாங்குகிறான். மகன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்றாவது வாரம், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தேன்!

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? சொல்கிறேன். உங்கள் பக்கம் பதினோரு பேர். ஆனால் ஒரு நேரத்தில் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது ஒரே ஒருத்தர். மற்ற பத்து பேரையும் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. நீங்கள் பந்தைத் தட்டிவிட நினைக்கிற இடத்துக்கு, சொல்லி வைத்த மாதிரி இன்னொருவன் ஓடி வருகிறான் பாருங்கள்... ஆஹா! மூணு தட்டு, நாலு தட்டு, பந்து வலைக்குள்ளே. ஐந்து வருஷம் ரைட் பேக் ஆடி நான் போடாத கோலை 53 வயதில் போட்டேன். எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டேன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு! அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. உங்கள் பிள்ளையிடம் "அதுல என்னடா இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல் பிறப்பதும் அதே இடத்தில்தான். கேரம் போர்டில் காய் விழவில்லை என்றால் அது உங்கள் விரல் செய்த தப்பு. வேறு யாரைச் சொல்ல? இங்கே அப்படியில்லை. நீங்கள் அழுத்தினது சரிதான், ஆனால் உங்கள் டிஃபெண்டர் மரம் மாதிரி நின்றுவிட்டான். கோல்கீப்பர் பிடித்த பந்தை எதிராளியின் காலடியிலேயே உருட்டி விட்டுவிட்டான். பழியைப் போடப் பத்து பேர் தயாராக இருக்கிறார்கள். அவர்களும் போதவில்லை என்றால், "கேமே ஏமாத்துதுப்பா!"

இந்தப் புலம்பல் உலகம் பூராவும் உண்டு. 2020-ல் கலிஃபோர்னியாவில் சில ஆட்டக்காரர்கள், ஆட்டத்தின் கஷ்டத்தை ரகசியமாக ஏற்றி இறக்குகிறார்கள் என்று இ.ஏ. கம்பெனி மேல் கோர்ட்டுக்கே போனார்கள். கம்பெனி மறுத்தது. மறு வருஷம் வழக்குப் போட்டவர்களே அதைக் கைவிட்டார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், நான் நாலு கோல் போட்டு ஜெயித்த நாளில் மெஷின் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை!

இது இன்றைக்கு நேற்று வந்த சமாசாரமும் இல்லை. 'ஃபிஃபா' என்ற பெயரில் முதல் ஆட்டம் வந்தது 1993 டிசம்பரில். வருஷா வருஷம் புதுசு. 2022-ல் வந்த 'ஃபிஃபா 23'தான் அந்தப் பெயரில் கடைசி. 2023-லிருந்து 'இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' என்று பெயர் மாறிவிட்டது. ஜப்பானின் கொனாமி கம்பெனி போட்ட 'வின்னிங் லெவன்' பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதுதான் 2021-ல் 'இ-ஃபுட்பால்' என்று இலவசமாக வந்தது. செல்போனிலும் ஆடலாம். இலவசம் என்றதும் சந்தோஷப்படாதீர்கள், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் கதை. ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கமாகப் போகிற டாக்டரிடம் போனேன். பி.பி. பார்த்தார். 150-க்கு 94.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

"ஒன்றரை இருக்கும் டாக்டர்... ஆபீஸ் வேலை" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

பக்கத்தில் மனைவி. விடுவாளா? "ஃபுட்பால் ஆடினேன்னு சொல்லுங்களேன்!"

டாக்டர் நிமிர்ந்தார். "இந்த வயசுல ஃபுட்பாலா? பரவாயில்லையே, நல்ல எக்சர்சைஸ் ஆச்சே!"

"டி.வி.யில டாக்டர்!" என்றாள்.

அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பார்த்த பி.பி.யை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். தூங்கினேன். அடுத்த வாரம் 132-க்கு 84.

யோசித்துப் பாருங்கள். கடைசி நிமிஷத்தில் பெனால்டி என்றால், பொம்மை மேட்ச்தானே என்று நெஞ்சு சும்மா இருப்பதில்லை. படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. நிஜ ஆட்டக்காரர் ஒரு மேட்ச்சில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடி அந்தப் படபடப்பைக் கரைத்துவிடுகிறார். நம் வீட்டு ஆட்டக்காரர் ஓடுவது கட்டைவிரலால் மட்டும்! அந்தக் கொதிப்போடு போய்ப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? அதிலும் தோற்றுப் போய்ப் படுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் "ஜெயிச்சுட்டு நிறுத்திடறேன்" என்ற பேச்சு வருகிறது. ஜெயித்தாலும் நிறுத்த மாட்டான், அது வேறு விஷயம். (கண்ணைக் கொட்ட மறப்பதால் வரும் எரிச்சல், கட்டைவிரல் அடியில் மணிக்கட்டுப் பக்கம் வரும் வலி, இவையும் உண்டு. வலி நாலைந்து நாள் நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

ஆட்டமே ஆளை உட்கார வைக்கிற மாதிரியும் அமைத்துவிடுகிறார்கள். 2016-ல் வந்த 'ஃபிஃபா 17'-ல் வார இறுதிப் போட்டி என்று ஒன்று வந்தது. மொத்தம் 40 மேட்ச். ஒரு மேட்ச்சுக்கு ஆட்ட நேரம் 12 நிமிஷம். முன்னே பின்னே சேர்த்து 15 என்று வைத்தாலும் 10 மணி நேரம்! சனி, ஞாயிறு போயே போச்சு. பின்னால் வந்த வருஷங்களில் அதை 30, 20 என்று அவர்களே குறைத்தார்கள்.

இப்போது இலவசக் கதை. சின்ன வயதில் பபிள் கம் வாங்கினால் உள்ளே கிரிக்கெட் வீரர் படம் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? கபில்தேவ் வருவாரா என்று பிரிப்போம். வருபவர் வேறு யாரோ. மறுபடி ஒரு பபிள் கம். அதே வித்தைதான். 'அல்டிமேட் டீம்' என்று 2009-லிருந்து ஃபிஃபா ஆட்டங்களில் இருக்கிறது. வீரர்களின் சீட்டுகள் ஒரு 'பேக்'கில் வரும். உள்ளே யார் என்று பிரித்தால்தான் தெரியும். ஆடிச் சேர்த்த காசிலும் வாங்கலாம், நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனசு அதிகம் அலையும். பபிள் கம் படமாவது டப்பாவில் பத்திரமாக இருந்தது. இங்கே அடுத்த வருஷம் புது ஆட்டம் வந்தால், பாடுபட்டுச் சேர்த்த டீம் அதற்குள் வராது. மறுபடி முதலிலிருந்து!

பெல்ஜியத்தில் 2018-ல் இதைச் சூதாட்டம் என்றே அரசு ஆணையம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரி முடிவோடு அங்கே அந்த 'பாயின்ட்' விற்பனையை இ.ஏ. நிறுத்தியது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. என் நண்பர் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன், அப்பாவின் கார்டு நம்பர் போனில் பதிவாகி இருந்ததால், பத்து நாளில் 4,800 ரூபாய்க்குப் பேக் பிரித்துவிட்டான். பையனுக்கு அது பணம் என்றே தோன்றவில்லை. "பட்டனை அழுத்தினேன், வந்துச்சு" என்றானாம். இன்றைக்கே உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். கார்டு பதிவாகி இருந்தால் நீக்கிவிடுங்கள், அல்லது ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

உடனே "என் பையனுக்கு வியாதியோ?" என்று பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து 'கேமிங் டிசார்டர்' இருப்பது உண்மை. ஆனால் நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிற நிலை, அதுவும் பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் அந்தப் பெயர். தோசை ஆறிப்போனதெல்லாம் அதில் சேராது.

நான் கண்ட வழி ஒன்று உண்டு. "ஒரு மணி நேரம்தான்" என்று கெடு வைக்காதீர்கள். "மூணு மேட்ச்" என்று சொல்லுங்கள். ஆன்லைனில் முகம் தெரியாத எதிராளி காத்திருக்க மாட்டான். பாதியில் எழுந்தால் தோல்விக் கணக்கில் விழும். நீங்கள் ஆட்டத்தின் நடுவே ஒயரைப் பிடுங்கினால் உங்கள் மேல் வருகிற கோபம் நியாயமான கோபம்தான். கோவிச்சுக்காதீங்க, நான் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்!

இன்னொன்று, இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள். முகம் தெரியாதவனிடம் தோற்றால் எரிச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் தோற்றால் சண்டை, சிரிப்பு, "அழுகுணி ஆட்டம்!" என்று ஒரு கூச்சல், அதோடு சரி. எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தனி ஆட்டம் கிடையாது. முக்கியமாக எனக்கு!

போன ஞாயிறு மகன் என்னை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்தான். அடுப்படியிலிருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். தோசைக்குக் கூப்பிட வந்தாள் என்று எழுந்தேன்.

"உக்காருங்க. இதுல எதுங்க பாஸ் பட்டன்?" என்றாள்.