நூறுக்கு மேல எண்ணணும் சார்



2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை மதியம். பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஃபைபர் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கம் கடலில் தொழில் கிடையாது. முன்னதாகவே சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கிளம்பியது சந்திரயான்-3.

2.35க்கு வடக்கே ஒரு நெருப்பு எழுந்தது. சத்தமே இல்லை. அது பாட்டுக்குப் புகையை இழுத்துக்கொண்டு மேலே போகிறது. இங்கே அலைச் சத்தம் மட்டும். நான் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வயது இருக்கும். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, சாமி கும்பிடுறியா?”

“எண்றேன் சார். நூறுக்கு மேல எண்ணணும். அப்பத்தான் சத்தம் வரும்.”

நூற்றுச் சொச்சத்தில் வந்தது. தூரத்து இடி நிற்காமல் உருள்வதுபோல ஓர் உறுமல். பின்னால் ஏதோ ஒரு வீட்டின் தகரக் கூரை கடகடத்தது. அங்கிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். பெருக்கிப் பாருங்கள், அவள் கணக்கு சரி.

அவளுக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபரில். அவள் தாத்தா வாலிபராக இருந்தபோதே ராக்கெட் பார்த்த ஊர் அது. அதனால்தான் அவளுடைய அடுத்த கேள்வி என்னைத் திணற வைத்தது. “இது ரியல்தான சார். இதுக்கு அப்பால இன்னா ஆகும்னு கதையா எழுதின புக்கு இருக்கா?”

முப்பது வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். சட்டென்று ஒரு புத்தகத்தின் பெயர் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டிருந்தால் உங்களுக்கு வந்திருக்குமா?

அவள் அம்மா சற்றுத் தள்ளி அருவாமனையில் மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். “ஸ்கூல் புக்கையே தொட மாட்டேங்குறா. கதை புக்கு வேறயா?”

இது பழவேற்காட்டு அம்மா மட்டும் சொல்வதா? மயிலாப்பூரிலும் மதுரையிலும் இதே வசனம்தான். அறிவியல் என்றால் மார்க் வாங்கப் படிப்பது, மாயம் மந்திரம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் நல்ல புத்தகங்கள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடக்கின்றன.

நிஜமாகவே மாட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. ஒரு நூலகத்தில் சுஜாதாவின் ‘விஞ்ஞானச் சிறுகதைகள்’ வேண்டும் என்று தேடினேன். கதை அலமாரியில் இல்லை. கடைசியில் இயற்பியல் கைடு ஒன்றுக்கும் வேதியியல் வினா-விடைக்கும் நடுவே இருந்தது. தலைப்பில் விஞ்ஞானம் என்று இருக்கிறதே, அடுக்கியவரை எப்படிக் குறை சொல்வது? புத்தகக் கண்காட்சியில் இன்னொரு விதமான கஷ்டம். “ஃபேன்டஸி கதை இருக்கா?” என்று கேட்டால் கடைக்காரர் பேய்க்கதைப் பக்கம் கை காட்டுகிறார். தமிழில் இதற்கு விஞ்ஞானச் சிறுகதை, அறிவியல் புனைகதை, மிகைபுனைவு என்று ஊருக்கு ஒரு பெயர். அதனால் வகையைக் கேட்காதீர்கள், எழுதியவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இது அனுபவத்தில் சொல்வது.

முதலில் சுஜாதா. வேறு யாரிடமிருந்து தொடங்க முடியும்? பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கெடுத்துக்கொண்டு, வாரப் பத்திரிகைகளுக்கு ரோபோ நாய் ஜீனோவையும் எழுதிக் கொடுத்தவர். ‘என் இனிய இயந்திரா’ பலருக்குத் தெரியும். சிறுகதைகளைப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு. ‘திமலா’ என்ற கதையில் திருமலை தரிசனத்தை எதிர்காலத்துக்கு நகர்த்திப் பார்க்கிறார். வருஷா வருஷம் திருப்பதி க்யூவில் நிற்கிற குடும்பத்துக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. சில கதைகளில் வரும் கம்ப்யூட்டர்கள் இன்று சிரிப்பை வரவழைக்கும். சிரித்துவிட்டுப் படியுங்கள், ஒன்றும் தவறில்லை.

ஜெயமோகனின் ‘விசும்பு’ வேறு மாதிரியான தொகுப்பு. வெளிநாட்டு விண்கலங்களை விட்டுவிட்டு நம் பக்கத்து அறிவு மரபுகளில் கதை தேடியவர் அவர். ‘ஐந்தாவது மருந்து’ சித்த மருத்துவத்தின் பக்கம் போகிறது. தலைப்புக் கதை வலசை போகும் பறவைகளைச் சுற்றி வருகிறது. பூநாரைகள் வந்து இறங்குகிற பழவேற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து அதைப் படிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்! மொழி கொஞ்சம் கனம். பத்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம். இளையவர்களில் சுசித்ராவின் ‘ஒளி’ தொகுப்பையும் பாருங்கள். ‘அரூ’ இணைய இதழ் 2019-இல் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்குப் பிறகு இப்படிப் புதுப் பெயர்கள் நிறையக் கண்ணில் படுகின்றன.

மாயக் கதை என்றால் நான் போய் நிற்கும் இடம் புதுமைப்பித்தன். கடவுளே சென்னை பிராட்வே மூலையில் வந்து நின்று, கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடித்து, அவர் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிற கதையை எழுதியவர். திடீர் விருந்தாளி வந்தால் ஒரு நடுத்தர வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கேயும் நடக்கிறது. ‘கபாடபுரம்’ என்ற கதையில் கடல் கொண்ட நகரத்துக்குள் கூட்டிப்போகிறார். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன, ‘மதுரைத் திட்டம்’ இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். ‘காஞ்சனை’யை மட்டும் ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டாம். நான் படித்துவிட்டு ஒரு வாரம் விளக்கை அணைக்கவில்லை.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். அவரிடம் புத்தகப் பெயர்களை அடுக்கிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. பேசாமல் ஒரு கதையைச் சொன்னேன்.

1896-இல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் வங்காள மொழியில் எழுதிய கதை. கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்று எச்சரிக்கிறார்கள். ஊரே நடுங்குகிறது. புயல் வரவில்லை. எங்கே போனது என்று விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் உடம்பு தேறுவதற்காகக் கப்பலில் இலங்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நம் வங்கக் கடல்தான். கப்பல் புயலில் சிக்குகிறது. மகள் பெட்டியில் வைத்து அனுப்பிய தலைக்குத் தேய்க்கும் தைலம் ஒரு பாட்டில் இருக்கிறது. எண்ணெய் பட்டால் அலை அடங்கும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வர, பாட்டிலைத் தூக்கிக் கடலில் எறிகிறார். கடல் அடங்குகிறது, புயலும் காணாமல் போகிறது.

அந்த அம்மா மீன் ஆய்வதை நிறுத்திவிட்டார்.

“எண்ண ஊத்துனா அல கொஞ்சம் படியும், அது நெசந்தான். எங்க மாமனாரும் சொல்லுவாரு. ஆனா ஒரு பாட்டிலுக்கு எல்லாம் புயல் நிக்காது சார். எண்ணக் கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுதச் சொல்லிருப்பான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கதை எழுதப்பட்டதே ‘குந்தலீன்’ என்ற தலைத் தைலக் கம்பெனி அறிவித்த பரிசுப் போட்டிக்காக! பரிசும் கிடைத்தது. நூறு வருஷம் தாண்டி அந்த விளம்பரத்தை மீன் ஆய்ந்தபடியே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இவரைவிட நல்ல வாசகர் அறிவியல் புனைகதைக்கு எங்கே கிடைப்பார்?

யோசித்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. இந்த வகைக் கதைகளுக்கு விதை ஒரே கேள்வி: ‘ஒருவேளை இப்படி ஆனால்?’ ஏரிக்கரை வீடுகளில் அதைத் தினமும் கேட்கிறார்கள். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால்? கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, ஏரி வற்ற வற்ற உப்பு ஏறும். எந்தக் குப்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிற ‘பாடு’ ஏற்பாடு அங்கே இருக்கிறது. முறை வந்த நாளில் மீன் இல்லாவிட்டால்? இதையெல்லாம் நாம் வாழ்வாதாரப் பிரச்சினை என்கிறோம். ஐம்பது வருடம் தள்ளி வைத்து எழுதினால் அதற்குப் பெயர் அறிவியல் புனைகதை. மாயத்துக்கும் அங்கே குறைவில்லை. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றனவே, அவற்றைப் பற்றி அந்தச் சிறுமி சொன்ன மூன்று கதைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மூன்றும் நன்றாக இருந்தன.

பெண் வாசகர்களுக்கு இன்னொரு தகவல். ரொக்கையா பேகம் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ வெளியானது 1905-இல், நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை அதை வெளியிட்டது. பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கிக்கொள்கிறார்கள். குடத்தோடு குழாயடியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று தெரியும். சென்னையின் தாரா புக்ஸ் இதைக் கோண்டு ஓவியங்களோடு அழகான ஆங்கிலப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. ஒரு பத்திரிகை ஆசிரியராக எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இப்படி ஒரு கதை தபாலில் வந்தால் நான் தைரியமாகப் போட்டிருப்பேனா?

நல்ல தொகுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் வழி இது. முதல் கதையைப் படிக்காதீர்கள். அது கடை வாசலில் தொங்கவிட்ட புடவை. நடுவில் ஒரு கதையை எடுத்து நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். ரோபோ வந்தால், அந்த இடத்தில் ‘வேலைக்காரர்’ என்று போட்டுப் பாருங்கள். கதை ஒரு குறையும் இல்லாமல் ஓடினால் அது ரோபோ கதையே இல்லை, தகர டப்பா போட்ட குடும்பக் கதை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். பத்துக் கதையில் நான்கு பிடித்தாலே அது நல்ல தொகுப்பு. மீதியைத் தாண்டிப் போங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. நாவலைவிடச் சிறுகதையை நான் சிபாரிசு செய்வதும் இதற்காகத்தான். ராத்திரி வலைக்குப் போய்விட்டு விடியற்காலை மீனை விலை பேசுகிற வீட்டில் புத்தகத்துக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். நம் ஆபீஸ் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

காசு? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த நாளிலிருந்து வருகிற ஏற்பாடு. புத்தகத்துக்கு ஏற்கெனவே நாம் பணம் கட்டிவிட்டோம். போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி. இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒருவர் எழுதினால் காகிதம், இருபது பேர் எழுதினால் கோரிக்கை.

நான் சென்னை திரும்பியதும் சுஜாதாவின் தொகுப்பையும் புதுமைப்பித்தன் கதைகளையும் அந்தச் சிறுமிக்கு அவள் டீச்சர் மூலம் கொடுத்தனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் புதுமைப்பித்தன் மட்டும் திரும்பி வந்தார். உப்புக் காற்றில் பக்கங்கள் ஊதி, புத்தகம் ஒன்றரை மடங்கு தடியாகியிருந்தது. பிரித்தால் ‘கபாடபுரம்’ கதையின் நடுவில் காய்ந்த மீன் செதில் ஒன்று, அடையாளத்துக்கு வைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

சுஜாதா இன்னும் வரவில்லை. அவர் இப்போது அம்மாவிடம் இருக்கிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்