படகுக்கு விசை, பாட்டாளிக்கு?

கடலிலே உழைத்தவன் கரைக்குக் கொண்டுவரும் மீன் யாருடைய உடைமை? இதற்கு விடை சொல்வது அலையல்ல, காற்றுமல்ல. ஆட்சியாளர் தீட்டும் திட்டம்!

நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள், தோழர்களே! கட்டுமரம் ஏறிப் பிழைத்த குப்பம் அது. கட்டுமரத்துக்கு எண்ணெய் வேண்டாம், துறைமுகம் வேண்டாம். ஆண்கள் பிடித்த மீனைப் பெண்கள் கரையிலேயே விற்றுக் காசாக்கினர்.

1952இல் ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பு ஒப்பந்தத்தால் கேரளக் கரைக்கு விசைப்படகு வந்தது. மீனவனை உயர்த்தவே இம்முயற்சி என்றனர். இறால் ஏற்றுமதியில் பணம் கொழித்ததும் நடந்ததென்ன? வலை வீசி அறியாதவரும் முதல் போட்டு முதலாளியாயினர்!

தமிழகக் கரையிலும் அதே கதை. விசைப்படகு துறைமுகத்தைத் தேடிற்று. சென்னையின் மீன் வணிகம் காசிமேட்டிலே குவிந்தது. உரிமையாளர் ஒருவர், உழைப்பவர் பலர் என்ற பிரிவு கடலிலும் வேரூன்றியது. டீசல், பனிக்கட்டிச் செலவு போகத்தான் உழைப்பவனுக்குப் பங்கு. கூடை சுமக்கும் தாய், லாரி வணிகரோடு ஏலத்தில் மோத நேர்ந்தது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகினருக்கும் பூசல் முற்றிய பின்னரே, 1983இல் சட்டம் வந்தது. கரையையொட்டிய மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கலாகாது என்றது.

இயந்திரமே கூடாது என்கிறோமா? இல்லை! 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருகிய கண்ணாடி இழைப் படகு, துடுப்பு வலித்த தோளின் சுமையைக் குறைத்தது உண்மை. ஆனால் எஞ்சின் வாங்க முன்பணம் தந்த வணிகனுக்கே மீனைக் கொடுக்கவேண்டிய நிலை வந்தால், குறைந்தது தோளின் சுமை. ஏறியது கடன் சுமை!

2020இல் மத்திய அரசு 20,050 கோடி ரூபாயில் மீன்வளத் திட்டம் அறிவித்தது. பயனாளிக்கு மானியம் பொதுவாக 40 விழுக்காடு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் 60. எஞ்சிய தொகைக்கு ஏழை எங்கே போவான்? கையிலே முதல் உள்ளவனுக்கன்றோ அந்த மானியம் கைகொடுக்கும்?

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் சாலையோரத்து மீன்கடைகள் அகற்றப்பட்டபோது மகளிர் வீதிக்கு வந்து போராடினர். 2024இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி வேண்டியதே. ஆனால் கூரை மட்டும் பிழைப்பாகிவிடாது. கூரையின் கீழ் விற்கும் மீன் கட்டுப்படியாகும் விலையில் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும்.

எனவே நாம் கேட்பது இதுதான்: மானியம் தனிமுதலாளிக்கன்று, படகில் உழைப்போரின் கூட்டுறவுக்கு முதலில் செல்லட்டும். ஏலத்திலே மீன் விற்கும் மகளிர் சங்கங்களுக்கு முன்னுரிமை கிடைக்கட்டும். புதிய கருவி எதுவாயினும், எத்தனை பேர் உடைமையாளராவர், எத்தனை பேர் கூலியாவர் என்ற கணக்கை முதலில் அரசு மக்கள் முன் வைக்கட்டும்.

புதுமை வரட்டும், தோழர்களே! உழைப்பவனை உடைமையாளனாக்கும் புதுமையாக வரட்டும்!